வைரசுக்கு வாயிலாகும் புரதங்கள்

வைரசு தானே இயங்கவோ, உணவு கொள்ளவோ, பெருகவோ வல்லதன்று. உயிர்க்கலத்தினுட் புகுந்து, அக்கலத்தின் கருவிகளைத் தன்வயப்படுத்திய பின்னரே அது தன்னினத்தைப் பெருக்குகின்றது. ஆயின் கலமோ மென்சவ்வினாற் சூழப்பட்டுக் காவலுடன் விளங்குவது. இயங்கும் ஆற்றலற்ற வைரசு அக்காவலைக் கடப்பது எங்ஙனம்?

கலத்தின் மேற்பரப்பிலே பல்வகைப் புரதங்கள் அமைந்துள்ளன. அயற்கலங்களைப் பற்றுவன சில. செய்திகளை ஏற்பன சில. பொருள்களை உட்செலுத்துவன சில. வைரசின் புறப்புரதம் இவற்றுள் ஒன்றனோடு பூட்டும் திறவுகோலும்போலப் பொருந்துமாயின், அப்புரதமே வைரசுக்கு வாயிலாகின்றது. இதனை வாங்கி என்பர்.

இளம்பிள்ளை வாத வைரசு பொதுவாக எலிகளைப் பற்றுவதில்லை. 1989ஆம் ஆண்டிலே, கொலம்பியா பல்கலைக்கழகத்து வின்சென்ற் இரக்கனியெல்லோவும் அவருடன் ஆய்ந்தோரும் இவ்வைரசின் வாங்கியாகிய சீ.டீ.155 என்னும் மனிதப் புரதத்தைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டில் அதற்குரிய பரம்பரையலகை எலிகளிற் புகுத்தவே, அவையும் அந்நோய்க்கு ஆளாயின. எலியைக் காத்தது அதன் உடல்வலிமையன்று. வாயிலின்மையே என்பது இதனாற் புலனாயிற்று.

சில வைரசுகளுக்கு ஒரு வாயில் போதாது. எயிட்சு நோயை விளைக்கும் எச்.ஐ.வி. வைரசுக்கு, நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் வெண்கலங்களின் மேலுள்ள சீ.டீ.4 வாங்கியாதல் 1984இலே தெளிவாயிற்று. ஆயினும், மனிதரின் சீ.டீ.4 புரதத்தை எலியின் கலத்தில் அமைத்தபோதும் வைரசு உட்புகவில்லை. துணைவாங்கியும் வேண்டும் என்பதும், சீ.சீ.ஆர்.5 அத்தகையது என்பதும் 1996இலே வெளிப்பட்டன. இப்புரதத்துக்குரிய பரம்பரையலகில் 32 நியூக்கிளியோரைட்டுக்கள் குறைந்த வடிவத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றோரை இவ்வைரசு பெரும்பாலும் பற்றுவதில்லை. வட ஐரோப்பிய வழியினருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் இத்தகையோர்.

2007ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில், குருதிப் புற்றுநோயும் எச்.ஐ.வி. தொற்றும் உடைய ஒருவருக்கு, இக்குறைவுடைய கொடையாளர் ஒருவரின் மூலக்கலங்கள் ஏற்றப்பட்டன. மறுமுறையும் அச்சிகிச்சை பெற்ற அவர், 2020இலே புற்றுநோயால் இறக்குங்காறும் எச்.ஐ.வி.க்குரிய மருந்தின்றியே அவ்வைரசு நீங்கியவராய் வாழ்ந்தார். உயிருக்கு ஊறுதரக்கூடிய இச்சிகிச்சை யாவர்க்கும் உரியதன்று. எனினும், வாயிலை அடைத்தால் நோயை வெல்லலாம் என்பதற்கு இது சான்றாயிற்று. சீ.சீ.ஆர்.5 புரதத்தை மறிக்கும் மறாவிறொக்கு என்னும் மருந்தும் 2007இலேயே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

அங்ஙனமாயின் எல்லா வாயில்களையும் அடைத்துவிடலாகாதோ எனின், ஆகாது. அவை வைரசின் பொருட்டு அமைந்தனவல்ல. உடலின் பணிக்கென அமைந்தன. சீ.சீ.ஆர்.5 இல்லாதோரிடம் மேற்கு நைல் வைரசு நோயைக் கடுமையாக விளைத்தல் கூடும். 2003இலே சார்சு வைரசின் வாங்கியாகக் காணப்பட்டதும், 2020இலே கொவிட்-19 வைரசுக்கும் வாயிலென உறுதிப்பட்டதும் ஆகிய ஏ.சி.ஈ.2 என்னும் நொதியம், குருதியமுக்கத்தைச் சீர்ப்படுத்தும் பணியிற் பங்குகொள்வது. அதனை முற்றும் ஒழித்தல், கள்வனுக்கு அஞ்சி வீட்டின் கதவையே சுவராக்குதல் போலாம்.

ஆதலின் அறிஞர் இருவழியும் நாடுகின்றனர். வாயிலை அடைப்பது தீங்கின்றி இயலுமிடத்து அதனை மருந்தால் மறிப்பர். இயலாதவிடத்துத் திறவுகோலையே பயனிலதாக்குவர். கொவிட்-19 தடுப்பூசிகள் பின்னைய வழியின. அவற்றால் உடலில் உண்டாகும் பிறபொருளெதிரிகள், வைரசின் முட்புரதத்திற் படிந்து அது வாங்கியைப் பற்றாவண்ணம் தடுக்கின்றன.

இவ்வாங்கிகளை உட்பகை எனல் பொருந்தாது. அவை தம் கடமையைச் செய்து நிற்கையில் வஞ்சிக்கப்பட்ட ஏவலரே. அவ்வேவலரின் பணி கெடாது வஞ்சகனை மட்டும் விலக்குவதே மருத்துவ அறிவியலின் முன்னுள்ள அரும்பணியாகும்.