ஆக்லாந்தில் மாலை ஆறு, மேலே காலை ஆறு

ஜூன் மாதம் ஆக்லாந்தில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஆறு மணி வாக்கில் மவுண்ட் ஈடன் எரிமலை மேட்டில் நின்றால், சில நாள்களில் ஒரு வெள்ளைப் புள்ளி கண்சிமிட்டாமல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்வதைப் பார்க்கலாம். சர்வதேச விண்வெளி நிலையம் அது. தெரிவது அதன் விளக்கு அல்ல. நமக்கு இருட்டிய பிறகும் 400 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடிக்கிறது, அவ்வளவுதான். ஐந்தாறு நிமிடத்தில் மறைந்துவிடும்.

உள்ளே இருப்பவர்கள் அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பார்கள். ஒன்றரை மணிக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி, ஒரே நாளில் பதினாறு விடியல் பார்ப்பவர்களுக்குச் சூரியக் கணக்கு உதவாது. அவர்களுடைய கடிகாரம் கிரீன்விச் நேரம். குளிர்கால ஆக்லாந்துக்குச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால்.

அங்கே ஈர்ப்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேயும் உண்டு. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியபடி விழுவதால், விழும் அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிவிடுகிறது.

இதில் எனக்கு விசித்திரமாகப் படுவது மூச்சுதான். தரையில் சூடான காற்று லேசாகி மேலே போகும். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கும். படுக்கும் அறையில் விசிறி நின்றால், தான் விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுத்துத் தலைவலியோடு எழ வேண்டியதுதான். அதனால் இரவும் பகலும் விசிறிகள் இரைகின்றன. விண்வெளியின் நிசப்தமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம்.

எலும்பு தேயாமலிருக்க தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. ஓடுபொறியில் கால் பதிய, தோளில் வார் மாட்டி இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். வியர்வை, சிறுநீர் எல்லாம் சுத்திகரித்துக் குடிநீராகிறது. 2023இல் இந்த மீட்பு 98 சதவீதத்தை எட்டியது. முகம் சுளிப்பவர்கள் ஆற்றுநீர் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கலாம்.

2025 ஜூன் 26 அன்று அங்கே போய்ச் சேர்ந்த முதல் இந்தியர் சுபான்ஷு சுக்லா. பச்சைப்பயறையும் வெந்தயத்தையும் முளைக்கவைத்துப் பார்த்தார்.

சுமார் 420 டன் எடையுள்ள இந்த நிலையத்தை 2030க்குப் பிறகு ஆளில்லாத கடற்பரப்பில் இறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். இதற்கெனத் தனி விண்கலம் செய்யும் ஒப்பந்தம் 2024இல் ஸ்பேஸ்எக்ஸுக்குப் போனது. ரஷ்யாவின் மிர் நிலையத்தை 2001 மார்ச்சில் இறக்கியது தென் பசிபிக்கில், நியூசிலாந்துக்குக் கிழக்கே.