பன்றிக்குட்டிகளின் தீவனத்தில் மருந்து மிகுதலால் வரும் கேடு

இராஜபாளையத்திற்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றில் மழைக்காலத்தில் நீர் பெருகும். கோடையில் பாறைகளுக்கிடையே சுருங்கிவிடும். அத்தகைய வறட்சியில், மருந்து கலந்த தீவனம் தின்னும் பன்றிக்குட்டிகளுக்கு நேரும் கெடுதி அதிகரிக்கும் என்பதை அநேகர் அறியார்.

பால் மறந்த குட்டிகள் விரைவில் பருக்கவும், இரத்தக் கழிச்சல் நிற்கவும் ஆர்ஸனிலிக் அமிலம், ராக்ஸார்ஸோன் என்னும் பாஷாணக் கலப்புள்ள மருந்துகள் மேல்நாடுகளில் நெடுங்காலம் தீவனத்தில் சேர்க்கப்பட்டு வந்தன. வளர்ச்சிக்கென ஆர்ஸனிலிக் அமிலத்திற்கு விதித்த அளவு 100 கிலோ தீவனத்திற்கு 5 முதல் 10 கிராம் வரையே. கையால் அள்ளிப் போட்டு, மண்வெட்டியால் இரண்டு புரட்டுப் புரட்டினால் அளவு எங்ஙனம் நிற்கும்? பத்து மடங்கு ஏறிய தீவனத்தைத் தொடர்ந்து தின்னும் குட்டிகள் 3 முதல் 10 நாட்களுக்குள் தள்ளாடத் தொடங்கும். பின்னங்கால்கள் பின்னும், நாயைப்போல் உட்காரும், பிறகு பக்கவாட்டில் விழும். கண் பார்வையும் கெடும். விந்தை யாதெனில், பசி கெடுவதில்லை; வாய்க்கெட்டும்படி வைத்தால் படுத்தபடியே தின்னும். காய்ச்சலும் இராது. இதை வேறு நோயென்று கருதி, மருந்தை இன்னும் கூட்டிப் போடுவதே பெருந்தவறு. ராக்ஸார்ஸோன் மிகுந்தாலோ, குட்டிகளை விரட்டும்போது நடுக்கமும் இழுப்பும் காணும்.

இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரின் வழியே வெளியேறுவது. நீர் குறைந்தால் உடலிலேயே தங்கும். கைகண்ட மாற்று மருந்து இல்லை. அத்தீவனத்தை உடனே நிறுத்தி, நல்ல நீர் கொடுத்தால் முடங்கிய குட்டிகளுட் பல சில தினங்களில் எழுந்துவிடும். குருடானவை பார்வை பெறுவது அரிது. ஆனால் நெடுநேரம் நீரின்றிக் கிடந்த குட்டிகளுக்குச் சிறிது சிறிதாகவே நீர் காட்ட வேண்டும். அந்நிலையில் உப்பு விஷமும் குருட்டையும் வலிப்பையும் உண்டாக்கும். ஒரேயடியாகக் குடித்த நீர் மூளையை வீங்கச் செய்யும்.

உட்கொண்ட பாஷாணம் எருவோடு நிலத்தையும் சேரும். அய்யனார் கோவில் ஆற்று நீரே இராஜபாளையத்தாரின் குடிநீருக்கு ஓர் ஆதாரமாதலால், இது பட்டியோடு நிற்கும் சங்கதியன்று. அமெரிக்காவில் மேற்படி இரு மருந்துகளுக்கும் அளித்த அனுமதி 2013-ல் நீக்கப்பட்டது. நம் தேசத்தில், தீவனத்தில் கலக்கப்பட்டு வந்த கொலிஸ்டின் என்னும் வேறொரு மருந்தை உணவுப் பிராணிகளுக்கு விற்பது 2019-ல் தடுக்கப்பட்டது.

கால்நடை மருத்துவர் எம்மருந்தைக் கலக்கச் சொன்னாலும், தராசில் நிறுத்து, முதலில் 1 கிலோ தவிட்டிலும், அதைப் பின்னர் 10 கிலோவிலும், கடைசியாக முழுத் தீவனத்திலும் கலக்க வேண்டும். குட்டிகள் தள்ளாடினால், மூட்டையின் சீட்டையும் ஒரு கிலோ தீவனத்தையும் மருத்துவரிடம் கொண்டுசெல்க. குட்டியைப் பார்த்து மட்டும் அவர் எதையும் நிச்சயிக்க இயலாது.