உருவகம் உள்ளத்திற் பொருள்படுமாறு

"கங்கைக்கண் இடைச்சேரி" என ஒருவன் கூறக் கேட்டார், நீரின்மேல் ஊர் உளதென்று கொள்ளார். கங்கைக் கரைக்கண் உளதென்றே கொள்வர். சொல்லப்படாத கரை கேட்டார் உள்ளத்தில் யாங்ஙனம் தோன்றிற்று? இவ்வினா சொல்லாராய்வார்க்கேயன்றிச் சமய நூல் பயில்வார்க்கும் இன்றியமையாதது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இலக்கணை நிகழ்தற்கு மூன்று வேண்டுமென்பர் காவியப் பிரகாசம் இயற்றிய மம்மடர். சொல்லின் நேர்ப்பொருள் பொருந்தாது தடைப்படுதல் ஒன்று. கொள்ளும் பொருட்கு அந்நேர்ப்பொருளோடு தொடர்புண்மை ஒன்று. அங்ஙனம் கூறுதற்கு வழக்காதல் பயனாதல் காரணமாய் நிற்றல் ஒன்று. கரையைக் கங்கை என்றதனால் அதன் தண்மையும் தூய்மையும் பெறப்படுதல் பயனாம். மேனாட்டறிஞர் சேர்ல் என்பாரும் 1979இல், நேர்ப்பொருள் குற்றமுடைத்தாதல் கண்டே கேட்போர் பெரும்பாலும் வேறு பொருள் தேடுவர் என்று கூறினார்.

அற்றேல், தடை முன்னும் உருவகப்பொருள் பின்னுமாக வருதல் ஒருதலையோ எனின், அன்று. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்துக் கிளக்ஸ்பெர்க் முதலிய மூவர் 1982இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். வாக்கியங்களைக் காட்டி, அவை சொற்கிடந்தவாறே மெய்யோ பொய்யோ என்பதை மட்டும் விரைந்து கூறுமாறு படிப்பாரைப் பணித்தனர். தொழிலைச் சிறை என்றாற் போலும் உருவக வாக்கியங்களைப் பொய்யெனத் தள்ளுதற்கு, வெறும் பொய்யுரையைத் தள்ளுதற்கு ஆகும் காலத்தினும் மிகுந்த காலம் சென்றது. வேண்டப்படாத உருவகப்பொருள் தானே எழுந்து, மெய்போல நின்று தடுத்தமையே காரணம் என்க.

ஆயினும் எல்லா உருவகமும் ஒருபடித்தன்று. புதிய உருவகம் இருபொருளையும் ஒப்புநோக்கியே உணரப்படும். பயின்று பழகியதோ, ஒப்புநோக்காது, அச்சொற்கே உரிய பொதுப்பொருளாய் நேரே கொள்ளப்படவும் கூடும். இது பௌடில், கெண்ட்னர் என்னும் இருவர் 2005இல் நிறுவ முயன்ற கொள்கை. மம்மடர் பயனென்றும் வழக்கென்றும் பகுத்தமை இதனோடு ஒருபுடை ஒக்கும்.

இதனாற் போந்த பயன் யாதெனிற் கூறுதும். பழகிய உருவகமே படிப்பாரை எளிதின் வழுவச் செய்வது. அஃது உருவகம் என்னும் நினைவே அங்கு எழாமையின். ஆணவமலத்தை இருள் என்றல் சித்தாந்த நூல்களிற் பெருவழக்கு. ஒளியின்மையே இருளெனக் கருதிப் பழகிய ஒருவன், அச்சொல்லை நேரே கொண்டு, ஆணவமும் அறிவின்மையாகிய வெறும் இன்மையே என்று துணிந்துவிடுவன். சித்தாந்தமோ ஆணவத்தை உள்பொருள் என்னும். செம்பிற் களிம்பு என்னும் மற்றோர் உவமை இவ்வழுவைக் களையும். களிம்பு செம்போடு உடனாய் நிற்கும் ஒரு பொருளன்றி இன்மையன்று.

உமாபதி சிவனார் இன்னும் நுணுகிச் சென்றார். திருவருட்பயனில் இருண்மலநிலை என்று அதிகாரத்திற்குப் பெயரிட்டு, அதனுள்ளேயே, இருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும், மலமோ தன்னையும் காட்டாது என்று வேற்றுமை வகுத்தார். பழகிய சொல்லை மீண்டும் உவமையாக்கி, ஒப்பும் ஒவ்வாமையும் எதிரெதிர் நிறுத்திப் படிப்பாரை நின்று நோக்கச் செய்தவாறு இது.

ஆகலின், உருவகம் எளிதின் விளங்கிற்று என்று மகிழ்தல் சாலாது. எப்பண்பு கொள்ளத்தக்கது, எப்பண்பு விடத்தக்கது எனத் தேர்ந்த பின்னரே நூற்பொருள் விளங்கிற்றெனல் தகும்.