மின்சார இருசக்கர வாகன மானியம்: இந்தியாவின் அனுபவமும் விவாதமும்

மின்சார வாகனம் வாங்குவோருக்கு அரசு விலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வது மின்வாகன மானியம் எனப்படும். இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்கள். அதனால் இந்த மானியம் பற்றிய விவாதம் இங்கே கார்களைவிட ஸ்கூட்டர்களைச் சுற்றியே அதிகம் நடக்கிறது. மானியம் தேவையா, எவ்வளவு காலம் தேவை, அது உண்மையில் யாரைச் சென்றடைகிறது என்பவை அந்த விவாதத்தின் மூன்று கேள்விகள்.

மானியத்தின் நோக்கம்

மின்சார ஸ்கூட்டரின் விலையில் பெரும்பகுதி பேட்டரிக்கே போகிறது. ஓட்டும் செலவு குறைவு என்றாலும், வாங்கும்போது பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதல் தொகை தேவைப்படுகிறது. இந்த இடைவெளியைக் குறைத்தால் விற்பனை பெருகும். விற்பனை பெருகினால் உற்பத்திச் செலவு குறையும். பிறகு மானியம் இல்லாமலேயே சந்தை நடக்கும் என்பதே கொள்கையின் அடிப்படை. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பதும், நகரங்களில் புகையைக் குறைப்பதும், உள்நாட்டு உற்பத்தியை வளர்ப்பதும் இதனுடன் சேர்ந்த நோக்கங்கள்.

திட்டங்கள் கடந்து வந்த பாதை

மத்திய அரசின் ஃபேம் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டம் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் 2019 ஏப்ரலில் வந்தது. ஒதுக்கீடு பின்னர் 11,500 கோடியாக உயர்த்தப்பட்டு, திட்டம் 2024 மார்ச் வரை நீடித்தது. மூன்று சக்கர, நான்கு சக்கர வாகனங்களில் பெரும்பாலும் வாடகைக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் ஓடுபவற்றுக்கே இத்திட்டம் மானியம் தந்தது. இருசக்கர வாகனங்களில் மட்டும் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியவர்களுக்கும் கிடைத்தது.

தொகை பேட்டரியின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்பட்டது. தொடக்கத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு 10,000 ரூபாய். மொத்த மானியம் வாகன விலையில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 2021 ஜூனில் இது 15,000 ரூபாயாகவும், உச்சவரம்பு 40 விழுக்காடாகவும் உயர்ந்தன. 2023 ஜூன் 1 முதல் மீண்டும் 10,000 ரூபாய்க்கும் 15 விழுக்காட்டுக்கும் இறக்கப்பட்டன.

2024 ஏப்ரலில் ஓர் இடைக்காலத் திட்டம் வந்தது. அதில் ஒரு கிலோவாட் மணிக்கு 5,000 ரூபாய், ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டம் முதல் ஆண்டில் அதே அளவையும், இரண்டாம் ஆண்டில் அதில் பாதியையும் நிர்ணயித்தது. அத்திட்டம் பின்னர் 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டபோதும், இருசக்கர வாகன மானியத்துக்கு 2026 மார்ச் 31 என்ற கடைசி நாள் மாற்றப்படவில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

3 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட, ஆலை விலை 1,20,000 ரூபாய் உள்ள ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளலாம்.

2023 மே மாதத்தில்: கிலோவாட் மணிக்கு 15,000 வீதம் 45,000 ரூபாய். இது 40 விழுக்காட்டு வரம்புக்குள் இருப்பதால் முழுத் தொகையும் கிடைக்கும்.
2023 ஜூன் மாதத்தில்: 10,000 வீதம் 30,000 ரூபாய். ஆனால் 15 விழுக்காட்டு வரம்பால் 18,000 மட்டுமே கிடைக்கும்.
2024 ஏப்ரலில்: அதிகபட்சம் 10,000 ரூபாய்.
பிஎம் இ-டிரைவின் இரண்டாம் ஆண்டில்: அதிகபட்சம் 5,000 ரூபாய்.

ஒரே மாதத்தில் இந்த வண்டிக்கான மானியம் 27,000 ரூபாய் குறைந்தது. அதன் விளைவு உடனே தெரிந்தது. நாடு முழுவதும் 2023 மே மாதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சார இருசக்கர வாகனங்கள் பதிவாகின. ஜூனில் அதில் பாதிகூடப் பதிவாகவில்லை. விலை ஏறும் முன் வாங்கிவிட வேண்டும் என்று மே மாதத்தில் பலர் முந்திக்கொண்டதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம்.

மானியம் வேண்டும் என்போர் வாதம்

இந்தச் சரிவையே மானியத்தை ஆதரிப்போர் முதல் சான்றாகக் காட்டுகின்றனர். விலையில் சிறு மாற்றம்கூட நடுத்தரக் குடும்பத்தின் முடிவை மாற்றிவிடும் என்கின்றனர். பெட்ரோல் வண்டியின் புகையால் வரும் நோய்ச் செலவைச் சமூகம் முழுவதும் சுமக்கிறது; அதைத் தவிர்ப்பவருக்குச் சிறு தொகை தருவது நியாயம் என்பது அவர்களின் இரண்டாவது வாதம்.

வரி வேறுபாடும் குறைந்துவருவதை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். 2019 ஆகஸ்டில் மின்வாகனங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. அப்போது பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 28 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. மின்வாகன வரி மாறவில்லை என்றாலும், அதற்கு இருந்த சாதகம் சுருங்கியது.

மானியம் போதும் என்போர் வாதம்

மறுதரப்பினர் நீண்டகாலப் போக்கைப் பார்க்கச் சொல்கின்றனர். 2022–23 நிதியாண்டில் ஏறக்குறைய 7.3 லட்சமாக இருந்த மின்சார இருசக்கர வாகன விற்பனை 2023–24இல் 9.5 லட்சத்தையும், 2024–25இல் 11 லட்சத்துக்கும் மேலான அளவையும் எட்டியது. மானியம் இறங்கிய அதே ஆண்டுகளில் விற்பனை ஏறியிருக்கிறது. உலக அளவில் பேட்டரி விலை சரிந்ததும், நிறுவனங்கள் சிறிய பேட்டரியுடன் மலிவு வண்டிகளைக் கொண்டுவந்ததும் இதற்கு உதவின.

முறைகேடும் அவர்களின் முக்கியக் கவலை. மானியம் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு வருவதில்லை. நிறுவனம் விலையைக் குறைத்து விற்றுவிட்டு அரசிடம் அத்தொகையைக் கோரும். 1.5 லட்சம் ரூபாய் என்ற விலை வரம்புக்குள் நிற்பதற்காகச் சில நிறுவனங்கள் சார்ஜரைத் தனியாக விற்றன. 2023இல் அந்தத் தொகையை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர நேர்ந்தது. உள்நாட்டு உதிரிபாக விதியை மீறியதாக வேறு சில நிறுவனங்களுக்கு மானியம் நிறுத்தப்பட்டது.

யாருக்குக் கட்டுப்படியாகிறது?

விவாதத்தில் பெரும்பாலும் விடுபடுவது வண்டி ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற கேள்வி. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று கொண்டால் கிலோமீட்டருக்குச் சுமார் 2.20 ரூபாய் ஆகும். மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட 3.5 யூனிட் தேவை, யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 30 பைசாவுக்குள் முடியும். மிச்சம் ஏறக்குறைய 1.90 ரூபாய்.

அலுவலகத்துக்கு நாள்தோறும் 10 கிலோமீட்டர் போய்வருபவருக்கு மாதம் 570 ரூபாய் மிஞ்சும். நாளுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டும் உணவு விநியோகத் தொழிலாளிக்கு 4,750 ரூபாய் மிஞ்சும். முன்பு குறிப்பிட்ட 27,000 ரூபாய் மானியக் குறைப்பைத் தொழிலாளி ஆறே மாதத்தில் ஈடுகட்டிவிடுவார். அலுவலகம் செல்பவருக்கு அதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆகும்.

பெட்ரோல் மிச்சமாவதும் புகை குறைவதும் அதிகம் ஓடும் வண்டியில்தான். ஆனால் பேட்டரியின் அளவை வைத்துத் தரப்படும் மானியம் இந்த இருவரையும் ஒன்றுபோலவே நடத்துகிறது. பெரிய பேட்டரி வாங்க வசதி உள்ளவருக்கு, உச்சவரம்பு வரை, கூடுதலாகவும் தருகிறது. குறைந்தது 80 கிலோமீட்டர் தூரமும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமும் வேண்டும் என்ற ஃபேம் இரண்டாம் கட்ட விதியால், மிக மலிவான குறைவேக வண்டிகள் பட்டியலுக்கு வெளியே நின்றன. தரத்தைக் காக்கும் விதி அது. என்றாலும் கையில் குறைந்த பணம் உள்ளவருக்கு அது உதவவில்லை.

விநியோகத் தொழிலாளியைத் தடுப்பவை வேறு. முன்பணம் புரட்ட வேண்டும். பழைய மின்வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று தெரியாததால் கடன் தருபவர்கள் தயங்குகின்றனர். தந்தாலும் வட்டி கூடுதலாக இருக்கக்கூடும். வாடகை வீட்டின் மாடியில் இருப்பவருக்குத் தெருவில் நிற்கும் வண்டியைச் சார்ஜ் செய்ய வழியில்லை. அதிகம் ஓடும் வண்டியின் பேட்டரி விரைவில் தேயும் என்ற அச்சமும் உண்டு. விலைக் குறைப்பு மட்டும் இவற்றில் எதையும் தீர்ப்பதில்லை.

தமிழ்நாட்டின் நிலை

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதத்தில் இரண்டு நிலைகள் உள்ளன. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளிப் பகுதியிலும் பெரிய மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் இயங்குகின்றன. எனவே டெல்லியில் எடுக்கப்படும் மானிய முடிவு இங்குள்ள வேலைவாய்ப்பையும் தொடுகிறது. 2023 பிப்ரவரியில் வெளியான மாநில மின்வாகனக் கொள்கை 50,000 கோடி ரூபாய் முதலீட்டையும் 1.5 லட்சம் வேலைகளையும் இலக்காக வைத்தது. வாங்குவோருக்கு முழு மோட்டார் வாகன வரி விலக்கையும் அறிவித்தது.

சொந்த வண்டி வாங்க முடியாதவருக்குப் பேருந்தே மின்வாகனம். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடியில் 4,391 கோடி ரூபாய் 14,028 பேருந்துகளுக்காகவும், 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்காகவும் ஒதுக்கப்பட்டது.

பிற நாடுகளின் பாடம்

ஜெர்மனி 2023 டிசம்பரில் கார் மானியத்தை ஒரே நாள் அவகாசத்தில் நிறுத்தியது. அடுத்த ஆண்டு மின்சார கார் விற்பனை வெகுவாகச் சரிந்தது. அமெரிக்கா 7,500 டாலர் வரிச்சலுகைக்கு 2023 முதல் வருமான வரம்பும் விலை வரம்பும் வைத்தது. 2025 செப்டம்பர் 30உடன் அச்சலுகையே முடிந்தது. பிரான்ஸ் 2024இல் குறைந்த வருமானமுள்ள, வேலைக்காக அதிகத் தூரம் காரில் செல்லும் குடும்பங்களுக்கு மாத வாடகை முறையில் மின்சார கார் தந்தது. விண்ணப்பங்கள் குவிந்ததால் சில வாரங்களிலேயே அதை மூட வேண்டியதாயிற்று. தேவையுள்ளவரைக் குறிவைத்தால் வரவேற்பு உண்டு என்பதையும், அதற்குப் போதிய நிதி வேண்டும் என்பதையும் அது காட்டியது.

முன்வைக்கப்படும் மாற்று வழிகள்

எல்லா வாங்குவோருக்கும் விலைக் குறைப்பு என்பதற்குப் பதிலாகப் பல யோசனைகள் உள்ளன. வாடகைக்கும் விநியோகத்துக்கும் ஓடும் வண்டிகளின் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரலாம். வண்டியின் விலையிலிருந்து பேட்டரியைப் பிரித்து, மாற்றிக்கொள்ளும் நிலையங்கள் வழியே வாடகைக்கு விடலாம். குடியிருப்புகளிலும் வாகன நிறுத்தங்களிலும் சார்ஜிங் வசதியைக் கட்டாயமாக்கலாம். எந்தச் சலுகை எப்போது குறையும் என்பதை முன்கூட்டியே அறிவித்தால் வாங்குபவரும் ஆலையும் திட்டமிட முடியும்.

மின்வாகனங்கள் பெருகப் பெருக, பெட்ரோல் மீதான வரி வருவாயை மத்திய, மாநில அரசுகள் இழக்கும். அதனால் ஒவ்வொரு ரூபாய் ஊக்கத்தொகையும் எவ்வளவு பெட்ரோலை மிச்சப்படுத்தியது என்ற கணக்கு இனி கூடுதலாகக் கேட்கப்படும். அந்தக் கணக்கில் முதலிடத்தில் நிற்பது நாளெல்லாம் ஓடும் வண்டி. அதை ஓட்டுபவருக்குத் தேவைப்படுவது குறைந்த வட்டிக் கடனும், வீட்டருகே ஒரு சார்ஜிங் இணைப்பும்.