மூட்டையின் வாயைப் பார்த்தால் போதாது

திண்டிவனத்தில் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் இணையதளம் அமைத்துத் தரும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு பள்ளியின் வேர்ட்பிரஸ் தளத்தில் சேர்க்கைப் படிவம் வைக்க வேண்டுமாம். குழந்தையின் புகைப்படத்தையும் ஆதார் நகலையும் பெற்றோர் அதிலேயே பதிவேற்ற வேண்டும். இதற்கு இலவசமாகக் கிடைக்கும் பிளக்இன்களில் எதை நம்பலாம், எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறார்.

பெயர், தொலைபேசி எண் மட்டும் கேட்கும் படிவத்தைவிடக் கோப்பு வாங்கும் படிவம் பல மடங்கு ஆபத்தானது. முகம் தெரியாத ஒருவர் அனுப்பும் பொருள் நம் சர்வருக்குள்ளேயே வந்து உட்காருகிறது. படம் என்ற பெயரில் ஒரு பிஎச்பி நிரல் உள்ளே வந்து, அது இயங்கவும் இயங்கிவிட்டால் தளம் நம் கையில் இல்லை.

ஜப்பானியரான தகாயுகி மியோஷி உருவாக்கிய ‘கான்டாக்ட் ஃபார்ம் 7’ உலகில் மிக அதிகமாகப் பயன்படும் பிளக்இன்களில் ஒன்று. 2020-லேயே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், நம் நாட்டு இணையப் பாதுகாப்பு நிறுவனமான அஸ்த்ராவின் ஆய்வாளர் ஒருவர் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். எனக்கு அலுக்கவே அலுக்காத ஓட்டை அது. கோப்பின் பெயரை அந்த பிளக்இன் புள்ளிதோறும் துண்டாக்கிப் பார்க்கும். நடுவில் ‘பிஎச்பி’ என்ற துண்டு இருந்தால் அதன் வாலில் ஓர் அடிக்கோட்டை ஒட்டி, நிரலாக இயங்க முடியாதபடி செய்துவிடும். நல்ல காவல்தான். ஆனால் அந்தத் துண்டின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை, டேப் போன்ற ஒன்றை, வைத்துவிட்டால்? நம் கண்ணுக்கு அதே பெயர்தான். நிரலுக்கோ அது வேறு சொல். அடிக்கோடு விழாது. கடைசித் துண்டு ‘ஜேபிஜி’ என்றிருப்பதால் படம் என்ற கணக்கில் கோப்பு உள்ளே போய்விடும்.

டிசம்பர் 17 அன்று வந்த 5.3.2 பதிப்பு, இத்தகைய மறை எழுத்துகளைப் பெயரிலிருந்து களைந்துவிட்டது. ஆனாலும் பெயரை மட்டும் பார்ப்பது போதாது.

விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அப்பாவுடன் உளுந்து மூட்டை கொண்டுபோன நாட்களில், வியாபாரிகள் மூட்டையின் வாயைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். பக்கவாட்டில் குத்தூசியைச் செருகி, நடுவயிற்றிலிருந்து வரும் மணியை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார்கள். கோப்புக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும். பிடிஎஃப் கோப்பு சதவீதக் குறியோடு தொடங்கும். ஜேபெக் படத்தின் முதல் பைட்டுகள் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். பெயரோடு நிற்காமல் இதையும் பார்க்கிற பிளக்இன் ஒரு படி மேல். அதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது. உண்மையான படத்துக்குள்ளேயே நிரலை ஒளித்துவைக்க முடியும்.

ஆகவே, காவல் தவறினால் என்ன ஆகும் என்று பிளக்இன்னை எழுதியவர் யோசித்திருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மியோஷி யோசித்திருந்தார். அவருடைய பிளக்இன்னில் வந்த கோப்பு, யாரும் ஊகிக்க முடியாத பெயருள்ள தற்காலிகக் கோப்புறைக்குப் போகும். அந்தக் கோப்புறையை வெளியிலிருந்து திறக்க விடாத தடை ஒன்று உண்டு. கோப்பை இணைத்துப் பள்ளிக்கு மின்னஞ்சல் போனதும், சர்வரில் இருக்கும் கோப்பு அழிந்துவிடும். பெயர்ச் சோதனை ஏமாந்தபோதும் அந்த ஓட்டையைப் பயன்படுத்துவது கடினமாக இருந்ததற்கு இவையே காரணம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அந்தத் தடை அப்பாச்சி சர்வர் படிக்கும் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. என்ஜின்எக்ஸ் சர்வர் அதைக் கண்டுகொள்ளாது. உங்கள் ஹோஸ்டிங் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது என்பதற்காக ஒரு பிளக்இன்னை ஒதுக்கக் கூடாது. ஓட்டையே பதிவாகாத பிளக்இன்னை ஒருவேளை யாரும் சோதித்தே பார்க்காமல் இருந்திருக்கலாம். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், குறை தெரிந்தபின் எத்தனை நாளில் திருத்தினார்கள் என்று பாருங்கள். முதலாவது பிளக்இன்னின் பக்கத்திலேயே இருக்கும். 2022 ஜூனில் ‘நிஞ்சா ஃபார்ம்ஸ்’ பிளக்இன்னில் ஓட்டை தெரிந்தபோது, தளக்காரர்களைக் கேட்காமலேயே ஏராளமான தளங்களுக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்தது. எப்போதும் அப்படி நடக்காது. தளத்தைச் செய்து கொடுத்தவர் காசு வாங்கிக்கொண்டு போய்விட, அப்டேட் செய்ய ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பள்ளித் தளங்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பராமரிப்புக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள்.

சர்வரில் கோப்பு அழிந்தாலும் மின்னஞ்சலில் அது அப்படியே இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோருக்கும் கடவுச்சொல் தெரிந்த ஒரே அஞ்சல் பெட்டியில் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் ஆதார் நகல்கள் கிடப்பது சரியா? 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவை மட்டுமே பெறச் சொல்கிறது. குழந்தைகளின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலையும் கேட்கிறது.

ஆதார் நகல் இப்போதே எதற்கு என்று பள்ளி நிர்வாகத்திடம் கேளுங்கள். சேர்க்கையன்று சரிபார்க்கத்தான் என்றால், பெற்றோர் அன்று நேரில் கொண்டுவரட்டும். புகைப்படத்தையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம். படிவத்தில் பெயர், வகுப்பு, தொலைபேசி எண் மட்டும் இருந்தால் பதிவேற்றப் பெட்டியே வேண்டாம். அதற்கு, ஒழுங்காகப் புதுப்பிக்கப்படும் எளிய பிளக்இன் ஒன்றே போதும்.