தலைகீழாய் நிற்கும் கட்டடம்

மாணவர்களே, இன்று மாலை 5 மணிக்கு வீட்டின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிறகு வடக்குச் சுவரில். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சோதனையே தேவைப்படாது. எந்தப் பக்கம் சுடும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வேறுபாட்டை வைத்தே புத்ராஜெயாவில் ஒரு கட்டடத்தை வடிவமைத்திருக்கிறார்கள்.

அது எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம். 2010-இல் கட்டி முடிக்கப்பட்டது. ‘வைரக் கட்டடம்’ என்பார்கள். ஏழு மாடிகள், மேலே போகப் போக அகலம் கூடும். சுவர்கள் 25 பாகை வெளிப்புறம் சாய்ந்துள்ளன.

ஏன் 25? கணக்கைப் பாருங்கள். கோலசிலாங்கூரும் புத்ராஜெயாவும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ளன. சூரியன் அந்தக் கோட்டுக்கு இருபுறமும் 23.5 பாகை வரை போய் வரும். ஆகவே நம் உச்சி வெயில் (நம் கடிகாரத்தில் பிற்பகல் 1.15 வாக்கில்) தலைக்கு மேலிருந்து வடக்கே 20.5 பாகைக்கும் தெற்கே 26.5 பாகைக்கும் மேல் சாய்வதில்லை. 25 பாகை சாய்ந்த வடக்குச் சுவரில் உச்சி வெயில் ஒரு நாளும் படாது. தெற்குச் சுவரில் டிசம்பரை ஒட்டிச் சில வாரங்கள் லேசாக உரசும். கிழக்கிலும் மேற்கிலும் இந்த உபாயம் பாதிதான் பலிக்கும். தாழ்ந்த சூரியன் நேராக முகத்தில் அடிக்குமே!

உள்ளே இன்னொரு ஏற்பாடு. கான்கிரீட் தளத்துக்குள் குழாய்கள் ஓடுகின்றன. இரவில் அவற்றில் குளிர்நீரைச் செலுத்துவார்கள். குளிர்ந்த தளம் பகல் முழுவதும் அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். சாதாரண அலுவலகம் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோவாட்-மணிக்கு மேல் மின்சாரம் செலவிடும். இங்கு 70-க்கும் குறைவு. அரசுக் கட்டடத்தின் மின்கட்டணம் மக்கள் பணம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆய்வுக்கூடம் வேறு கதை. அமில ஆவியை வெளியே இழுக்கும் காற்றாடி, பணம் கொடுத்துக் குளிரவைத்த காற்றையும் சேர்த்தே தள்ளிவிடும். அதன் இடத்தில் நுழையும் ஈரக்காற்றை மறுபடி உலர்த்திக் குளிர்விக்க வேண்டும். சாய்ந்த சுவர் இதற்கு உதவாது.

பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், யுனிசெல் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அங்கே அலுவலகமும் ஆய்வுக்கூடமும் சேர்ந்த கட்டடம் ஒன்றை நீங்கள் வரைவதாக வைத்துக்கொள்வோம். நான் வரைந்தால் கிழக்கு மேற்காக நீட்டுவேன். மேற்கு முனையில் படிக்கட்டும் சாமான் அறையும். ஆய்வுக்கூடத்துக்குத் தனிக் காற்றுக்குழாய். ஆவி கிளம்பும் நேரத்தில் மட்டும் காற்றாடி வேகமெடுக்கும். சுற்றிலும் அகலமான தாழ்வாரம். தோட்டத்துத் துரை பங்களாக்களில் அது இருந்தது, லயங்களில்தான் இல்லை.

உங்கள் பள்ளி அறிவியல் கூடத்தின் சன்னல்கள் எந்தத் திசையில் உள்ளன? நாளை ஒரு திசைகாட்டியோடு போய்ப் பாருங்கள்.