படகின் இருக்கைகளை நாமே திருத்தியமைக்கலாமா?

வேம்பநாட்டுக் காயலிலும் கோவாவின் மாண்டவி ஆற்றிலும் சுற்றுலா விசைப்படகு நடத்துவோர்க்குத் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்வுக்காலமே. கிழிந்த இருக்கை, ஆட்டங்கண்ட மேசை, கீல் துருவேறித் திறக்க மறுக்கும் பெட்டி ஆகியவற்றைச் சீர்செய்ய இதுவே தருணம். தச்சருக்குரிய கூலியை மிச்சப்படுத்த இப்பணிகளைத் தாமே செய்ய விரும்பும் வாடிக்கையாளர்கள் உண்டு. தாராளமாகச் செய்யலாம். எனினும், வீட்டு அலமாரிக்குப் பொருந்தும் முறை படகுக்குப் பொருந்துவதில்லை.

முதலில் பலகையைக் கவனிப்போம். சாதாரணப் பிளைவுட் தொடர்ந்து ஈரம் பட்டால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். படகுக்கு வேண்டியது ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர எண் பொறித்த மரைன் பிளைவுட். அதன் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும் என்பது விதி. கடைக்காரர் 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்வதை மட்டும் நம்பாமல், பலகையின் மீதுள்ள முத்திரையைப் பார்த்து வாங்குவதே முறை. நல்ல பலகையிலும் அறுத்த விளிம்பு வழியாக நீர் நுழையும். ஆகவே விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, எப்பாக்சியை இரண்டு மூன்று முறை பூச வேண்டும். திருகாணித் துளைகளின் உட்புறத்தையும் விட்டுவிடலாகாது. பலகை உளுக்கத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

உப்புநீர் படும் இடங்களில் 304 தரத் துருப்பிடிக்காத எஃகிலும் நாளடைவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். மாலிப்டினம் கலந்த 316 தரத் திருகாணிகளுக்கு விலை சற்றுக் கூடுதல். ஆயினும் அவையே நெடுநாள் உழைக்கும். மெத்தைக்கு, நீரை உறிஞ்சும் சாதாரண ஃபோமுக்குப் பதிலாக மூடிய நுண்ணறைகளைக் கொண்ட ஃபோமைக் கேட்டு வாங்க வேண்டும். உறையைப் பருத்தி நூலால் தைத்தால் விரைவில் இற்றுவிடும். பாலியெஸ்டர் நூலே ஏற்றது.

இருக்கையின் அடியில் உள்ள வெற்றிடத்தைப் பெட்டியாக்குவது பலரும் விரும்பும் மாற்றம். அங்கே பெட்ரோல் தொட்டி இருந்தால் அதனை நான்குபுறமும் அடைத்தல் கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வெளியேற வழியின்றிப் படகின் அடிப்பகுதியில் தங்கிவிடும். அந்நிலையில் ஒரு சிறு மின்பொறியே தீவிபத்துக்குப் போதும். மின்கலத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது. மின்னேற்றம் நடைபெறும்போது ஈய அமில மின்கலத்திலிருந்து எழும் ஹைட்ரஜன் இலேசானதாகையால் மேலே திரளும். எனவே தொட்டிக்கு அருகே தாழ்விலும், மின்கலத்துக்கு மேலே உயரத்திலும் காற்றுப்போக்கி அமைதல் வேண்டும். உயிர்காப்பு அங்கிகளை வைக்கும் பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். இருட்டிலும் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நாம் பெரிதும் வலியுறுத்த விரும்புவது எடை. 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள எட்டடிக்கு நான்கடிப் பலகை ஒன்று ஏறத்தாழ 35 கிலோ இருக்கும். நான்கு பலகைகளால் ஓர் அலமாரி அமைத்தால், இரண்டு பயணிகளை நிரந்தரமாக ஏற்றி வைத்ததற்கு அது சமம். அந்த எடை கீழ்த்தளத்தின் நடுவே இருந்தால் பாதிப்பு சிறிது. மேல்தளத்திலோ ஒரு பக்கமாகவோ இருந்தால், சாய்ந்த படகு மீண்டும் நிமிரும் ஆற்றல் குறைந்துவிடும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அங்கே அலமாரி காரணமன்று. எனினும் படகின் சமநிலை எளிதில் கெட்டுவிடக் கூடியது என்பதை அந்நிகழ்வு நாடறியக் காட்டியது. உறை, மெத்தை, கீல், கைப்பிடி ஆகியவற்றை நாமே மாற்றலாம். மேல்தளத்தில் புதிய இருக்கை, கூடுதல் கூரை, தடுப்புச் சுவர் ஆகியவை கடற்பொறியாளரிடம் கேட்காமல் செய்யத் தகாதவை.

இதில் பணமும் அடங்கியுள்ளது. 2021 ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தின்படி விசைப்படகுகளுக்கு ஆய்வும் பதிவும் தேவை. ஆய்வுச் சான்றிதழ், ஆய்வின்போது படகு இருந்த நிலைக்கே உரியது. அதன் பின்னர் அமைப்பை மாற்றினால், விபத்து நேரும் வேளையில் காப்பீட்டுக் கோரிக்கை சிக்கலுக்குள்ளாகலாம். வங்கிக் கடன் நிலுவையிலுள்ள படகாயின் இழப்பு முழுவதும் உரிமையாளரின் தோளில் விழும். ஆகவே அமைப்பைத் தொடும் எந்த வேலையையும் தொடங்குமுன் பதிவு அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் கடன் வழங்கிய கிளைக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். பலகை வாங்கிய ரசீதையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த நிழற்படங்களையும் காப்பீட்டுப் பத்திரத்துடன் சேர்த்து வைப்பது நன்று.

வேலை முடிந்ததும் பயணிகளை ஏற்றுமுன், காற்றில்லாத காலைப்பொழுதில் படகைக் கரையோரம் மிதக்கவிட்டு, இருபுறமும் நீர்மட்டக் கோடு ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், புதிய பெட்டியில் ஏற்றிய பொருள்களை மறுபுறம் மாற்றி மீண்டும் அளக்கலாம்; அதன் பின்னும் சாய்வு நீடித்தால், பெட்டியையே கழற்றி இடம் மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும்.